குனிய முடிகிற அளவு

போடிமெட்டுக்கு மேலே, பூப்பாறை, சாந்தம்பாறை பக்கத்து ஏலத்தோட்டங்களில் பத்து, பத்தரைக்குக் கஞ்சிக்கு விடுவார்கள். காலைச் சாப்பாடும் அதுதான், பாதி மத்தியானச் சாப்பாடும் அதுதான். போடியிலிருந்தும் சுற்றூர்களிலிருந்தும் இருட்டோடு ஜீப் ஏறி, 17 கொண்டை ஊசி வளைவு கடந்து வரும் பெண்கள் அதுவரை ஒரு டம்ளர் கடுங்காப்பியில் நின்றிருப்பார்கள். மிச்சம் மீதி இருந்தால் ஒன்றரை மணிக்கு இரண்டு வாய். அப்புறம் வீடு திரும்பித்தான்.

சென்னையில் பெரிய ஓட்டல்களில் ஞாயிற்றுக்கிழமை பிரஞ்ச் என்று ஒன்று நடக்கிறது. காலை டிபனைத் தாண்டி, மத்தியானச் சாப்பாட்டையும் சேர்த்து, மூன்று மணி வரை நீளுகிற ஒரே சாப்பாடு. பேத்தியின் பிறந்தநாளுக்கு என்னையும் கூட்டிப்போனார்கள். ஏலக்காய்க் கமிஷன் கடையில் கணக்கெழுதப் போய், பிறகு சின்ன வியாபாரமும் மேலே ஒரு துண்டுத் தோட்டமுமாக எழுபதைத் தாண்டியவன் நான். தோட்டத்தில் உட்கார்ந்து கஞ்சி குடித்தவன், இந்தச் சாப்பாட்டையும் ஒரு கை பார்த்தவன் என்ற உரிமையில் இளையவர்களுக்குச் சிலது சொல்லலாம் என்று தோன்றுகிறது.

பட்டணத்துப் பிள்ளைகள் இந்த நேரத்துச் சாப்பாட்டைப் புதுசாகக் கண்டுபிடித்த மாதிரி பேசுவார்கள். வெள்ளைக்காரன் காலத்துச் சென்னையில் குமாஸ்தா வீடுகளில் விடிந்ததும் காப்பி, ஒன்பதரைக்குள் குழம்பு ரசம் மோரென்று முழுச் சாப்பாடு, சாயங்காலம் டிபன். பத்து மணி ஆபீசுக்கு அதுதான் தோது. இங்கிலாந்தில் 1895ல் கை பெரிஞ்சர் என்பவர் ஒரு பத்திரிகையில் எழுதினார்: ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்வந்து கனமான இறைச்சிச் சாப்பாட்டில் மல்லுக்கட்டுவானேன், பன்னிரண்டு மணி சுமாருக்கு டீ, மார்மலேடு என்று லேசாகத் தொடங்கி மெதுவாகக் கனத்துக்குப் போகலாமே என்று. சனிக்கிழமை ராத்திரி கூத்தடித்தவர்களுக்கு அது பெரிய ஒத்தாசையாக இருக்கும் என்பதும் அவர் வாதம். நம் குமாஸ்தா வேலைக்குப் போவதற்காக ஒன்பதரைக்குள் சாப்பிட்டார். பெரிஞ்சர் வேலை இல்லாத நாளுக்காக அப்படி ஒரே சாப்பாடாகச் சாப்பிடச் சொன்னார். எல்லாமே இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

சென்னைக்கு நேர் ரயில் இருப்பதால்தான் நான் கிளம்பினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2010 டிசம்பர் 31ஆம் தேதியோடு மீட்டர்கேஜ் வண்டியை நிறுத்தினார்கள். அகலப்பாதையில் வண்டி திரும்பப் போடிக்கு வந்து சேர 2023 ஜூன் 15 ஆயிற்று. பிறந்த பிள்ளை ஆறாங்கிளாஸ், ஏழாங்கிளாஸ் போகிற காலம் வரை ஊரே ரயிலுக்குக் காத்திருந்தது. இப்போது வாரம் மூன்று நாள் ராத்திரி இங்கே ஏறிப் படுத்தால் விடிந்ததும் சென்ட்ரல். முழங்கால் வலிக்காரனுக்கு அதுவே பெரிய சௌகரியம்.

ஓட்டலுக்குள் நுழைந்ததும் குளிர் முகத்தில் அடித்தது. கல்யாண மண்டபம் அளவுக்குக் கூடம். முட்டைக்கென்று தனி அடுப்பு, கேட்டபடி போட்டுத் தருகிறார்கள். சூஷிக்கு ஒருவர், ஆப்பத்துக்கு ஒருவர், பிரியாணி அண்டாவுக்குப் பக்கத்தில் ஒருவர். சீஸ் மட்டும் ஒரு மேசை நிறைய. மண்கலயத்தில் கம்பங்கூழ், பக்கத்தில் மோர் மிளகாய். அதற்கு மேல் ஒரு சின்ன அட்டையில் இங்கிலீஷில் பேர். கூழைப் பார்த்துச் சிரிப்பு வந்தாலும் ருசி குறை சொல்லும்படி இல்லை. நன்றாகவே கரைத்திருந்தார்கள்.

எனக்குச் சுருக்கென்று பட்டது இனிப்புப் பக்கத்தில். சின்ன மண்கிண்ணத்தில் பிர்னி, அதன் மேல் அலங்காரத்துக்கு ஒரு முழு ஏலக்காய். எட்டு மில்லிமீட்டர் சல்லடையில் தங்குகிற காய். நிறமும் நல்ல பச்சை. சாப்பிட்டவர்கள் அத்தனை பேரும் அதைக் கிண்ணத்தின் ஓரத்தில் ஒதுக்கிவிட்டு எழுந்தார்கள். ஏலச்செடிக்குப் பூ உச்சியில் வராது. தூரிலிருந்து கிளம்பித் தரையோடு படர்கிற சரத்தில் வரும். பூவுக்கு ஒரு நாள்தான் ஆயுசு. அதற்குள் தேனீ வந்து போனால்தான் காய். பிடித்த காய் முற்ற மூன்று நான்கு மாதம். பழுக்கவிட்டால் வெடிக்கும், பிஞ்சில் எடுத்தால் சுருங்கும். நடுவே கருங்காய்ப் பருவத்தில் கை வைக்க வேண்டும். ஒரே சரத்தில் பிஞ்சும் கருங்காயும் பழமும் சேர்ந்தே இருக்கும். அதனால் கண்ணால் பார்த்து, விரலால் தொட்டு, ஒவ்வொன்றாகத்தான் எடுக்க முடியும். அப்படி எடுத்த ஐந்து கிலோ, சமயத்தில் ஆறு கிலோ பச்சைக்காயை ஸ்டோரில் ஒரு நாள் சூட்டில் உலர்த்தினால் ஒரு கிலோ தேறும். அதன் பிறகு போடிக்கு வந்து, குடோனில் பெண்கள் உட்கார்ந்து சலித்துப் பொறுக்கித் தரம் பிரிப்பார்கள்.

மணம் இருப்பது விதையில். தோல் வெறும் உறை. வெடித்த காயோ வெளிறிய காயோ கொஞ்சம் எடுத்து இடித்துப் போட்டிருந்தால் பிர்னி இன்னும் நன்றாக மணந்திருக்கும், செலவும் பாதி. இதை அங்கே யாரிடம் போய்ச் சொல்வது? எனக்கு வந்த காயை உரித்து விதையை வாயில் போட்டுக்கொண்டேன். பேத்தி அதைப் பார்த்துத் தானும் ஒன்றை உரித்தாள். காரமாக இருக்கிறதென்று முகத்தைச் சுளித்தாள், ஆனாலும் துப்பவில்லை.

காசு தலைக்கு மூவாயிரத்துச் சொச்சம். அதன் மேல் ஜி.எஸ்.டி. 18 சதவீதம். அறை வாடகை நாளுக்கு 7,500 ரூபாயைத் தாண்டுகிற ஓட்டலுக்குள் இருக்கும் உணவகத்துக்கு இந்த வரி. தெருமுனை ஓட்டலுக்கு 5 சதவீதம்தான். மேலே காய் எடுக்கிற ஒரு பெண் ஒரு வாரம் குனிந்தால் வருகிற கூலி, இங்கே ஒரு தட்டு. இதைச் சொல்லிப் பிள்ளைகள் சாப்பிடும்போது வாய்க்குள் மண்ணள்ளிப் போடுகிற பெரியவர்களை எனக்குப் பிடிக்காது. மகன் சம்பாதிக்கிறான், மகளுக்குச் செலவழிக்கிறான். ஏலக்காயும் ஏழை வீட்டுக் கஞ்சிக்கு விளைகிற பண்டமில்லை. சவூதிக்காரன் கஹ்வாவில் போட்டுக் குடிப்பதாலும், பணக்காரக் கல்யாணங்களில் பாயசம் கொதிப்பதாலும்தான் எங்கள் ஊரில் அடுப்பு எரிகிறது. ஆடம்பரத்தைத் திட்டிக்கொண்டே ஆடம்பரச் சரக்கை விற்கிறவன் யோக்கியன் இல்லை.

என் மனத்தாங்கல் வேறு. உட்கார்ந்ததும் மகன் என் பக்கம் சாய்ந்து, "அப்பா, சோறு எடுக்காதீங்க, வயித்தை அடைச்சுரும். எறால் எடுங்க, ஆட்டுக்கறி எடுங்க. குடுத்த காசுக்கு ஆகணும்ல" என்றான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை, அங்கே பாதிப் பேர் வாயில் அந்தப் பேச்சுத்தான். இரண்டாவது தட்டு, மூன்றாவது தட்டு, மூச்சு வாங்குகிறது, ஆனாலும் எழுந்து போகிறார்கள். பசி எப்போதோ போய்விட்டது. இப்போது தின்பது பில்லுக்காக.

கேட்கிற காசுக்கு எவ்வளவு வேண்டுமானாலும் தின்னலாம் என்ற ஏற்பாட்டுக்குப் பேர் வாங்கிக்கொடுத்தது லாஸ் வேகஸ் சூதாட்ட ஊர். 1940களில் எல் ராஞ்சோ வேகஸ் என்ற விடுதியில் அப்படி ஒரு பந்தியைத் திறந்தார்கள். சூதாட வந்தவன் சாப்பாட்டுக்கென்று வெளியே போய்விடக் கூடாது, அவ்வளவுதான் நோக்கம். சாப்பாட்டில் லாபம் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. பொருளாதாரத்துக்கு 2017ல் நோபல் பரிசு வாங்கிய ரிச்சர்ட் தேலர், 1980ல் எழுதிய ஒரு கட்டுரையில் ஒரு பரிசோதனையைச் சொல்கிறார். வேண்டுமட்டும் பீட்சா தின்னலாம் என்ற ஒரு கடையில், சில மேசைக்காரர்களுக்கு மட்டும் கொடுத்த காசைத் திருப்பித் தந்துவிட்டார்கள். அதே கடை, அதே பீட்சா. காசு திரும்பக் கிடைத்தவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகத் தின்றார்கள். வயிற்றுக்குக் காசு தெரியாது, தெரிந்தது தலைக்கு.

படித்தவுடன் எனக்கு ஆச்சரியம் வரவில்லை. ஏலக்காய்ச் சந்தையில் இதைவிடப் பெரிய தட்டில் பார்த்திருக்கிறேன். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் இடுக்கித் தோட்டங்கள் பல அழிந்தன, தப்பியது அடுத்து வந்த வெயிலில் வாடியது. காய் இல்லை. 2019 ஆகஸ்ட் தொடக்கத்தில் புற்றடி ஏலத்தில் ஒரு கிலோவுக்கு 7,000 ரூபாய் வரை கேட்டார்கள். அதுவரை யாரும் காணாத விலை. போடியில் அந்த மாதங்களில் தூக்கம் வந்தவர்கள் குறைவு. மண்டியில் எனக்குப் பழக்கமான ஒருவர் நாலாயிரம் சுமாரில் வாங்கி அடுக்கினார். விலை மூவாயிரத்துக்கு இறங்கியது. "நாலாயிரம் போட்டிருக்கேன், மூவாயிரத்துக்கா விடுவேன்?" என்றார். இரண்டாயிரத்துச் சொச்சத்திலும் அதே பேச்சு. மழை நன்றாகப் பெய்து தோட்டங்கள் தேறின. இரண்டு மூன்று வருஷத்தில் சராசரி ஆயிரத்துக்கும் கீழே வந்தது. குடோனில் இருந்த காயின் பச்சையும் அதற்குள் வெளிறிவிட்டது. நாலாயிரம் என்பது அந்த மனுஷரின் தலையில் இருந்தது. காயில் அது எழுதியிருக்கவில்லை, எந்த ஏலதாரரும் அதைக் கேட்கப் போவதுமில்லை. நான் கணக்கெழுதிய கடை முதலாளி, "கொள்முதல் விலை பேரேட்டுக்குத்தான். விக்கையில பேரேட்டை மூடி வையி" என்பார். அவர் பிரஞ்ச் சாப்பிட்டதில்லை, போயிருந்தால் நன்றாகச் சாப்பிட்டிருப்பார்.

அப்படியானால் எதை வைத்து அளப்பது? இதற்குத்தான் மேலே போக வேண்டும்.

பெண்கள் மூன்றரை, நாலு மணிக்கு எழுந்து வடித்து, தூக்குவாளியில் போடும்போதே அன்றைய அளவு முடிவாகிவிடுகிறது. அப்போது பசி இல்லை, ஆசையும் இல்லை, தூக்கக் கலக்கத்தில் ஒரு கணக்குத்தான். நீத்தண்ணியோடு பழைய சோறு, இல்லை கம்பங்கஞ்சி. தொட்டுக்கொள்ள ஒரு சின்ன டப்பா. பத்தரைக்கு மேஸ்திரி குரல் கொடுத்ததும் நிழல்மரத்தடியில் சாக்கை விரித்து உட்காருவார்கள். மேலே ஆம்பளைச் சட்டை, இடுப்பில் பிளாஸ்டிக் படுதா, காலில் அட்டைக்குப் பூசிய புகையிலை வாடை. முதல் வேலை கைகழுவுவது. காயின் பால் விரலில் கறுத்துப் பிசுக்கென்று இருக்கும், லேசில் போகாது. அப்புறம் எல்லாத் தூக்கின் மூடிகளும் நடுவே வரும். ஒரு மூடியில் சுண்டவத்தல், ஒன்றில் கருவாடு, ஒன்றில் முந்தினநாள் கத்தரிக்காய்க் குழம்பைச் சுண்டவைத்தது, ஒன்றில் வெறும் வெங்காயமும் பச்சைமிளகாயும். யார் மூடி யாருடையது என்று பார்ப்பதில்லை. ஆனால் ஒன்று கவனித்தேன்: கருவாட்டு மூடியில் யாரும் இரண்டாவது முறை கைவைப்பதில்லை, அதைக் கொண்டுவந்தவள் எடுத்து வைத்தாலொழிய. அந்தச் சட்டத்தை எங்கேயும் எழுதி ஒட்டியிருக்கவில்லை.

மழை பிடித்துக்கொண்டால் படுதாவைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்து, நின்றபடியே முடித்துவிடுவார்கள். மொத்தமே இருபது நிமிஷம். கடைசியில் நீத்தண்ணியைத் தூக்கோடு அண்ணாந்து குடித்துவிட்டு எழுந்திருப்பார்கள்.

புதுசாக வந்த ஒரு சின்னப் பெண், கல்யாணமான புதுசு, ஒருநாள் வாளி நிறையக் கொண்டுவந்து மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். கங்காணி அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. பதினொன்றுக்கு மறுபடி வரிசையில் இறங்கினார்கள். சரம் தரையில் கிடக்கிறதென்று சொன்னேன் அல்லவா? ஒவ்வொரு தூரிலும் குந்தியோ குனிந்தோதான் எடுக்க வேண்டும், அதுவும் சரிவில். அந்தப் பெண் நாலு தூர் தாண்டவில்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்துவிட்டாள். அப்போதுதான் கங்காணி, "குனிய முடியிற அளவுக்குச் சாப்புடு ஆத்தா. மிச்சத்தை வீட்டுல போயி சாப்புடு" என்றார்.

எனக்கு அன்று பிடிபட்டது இதுதான். அந்த மரத்தடியில் சாப்பாட்டின் அளவு அடுத்து இருக்கிற வேலையிலிருந்து வருகிறது. ஓட்டலில் அது ஏற்கெனவே போய்விட்ட காசிலிருந்து வருகிறது. குமாஸ்தாவும் ஒன்பதரைக்குள் முழுச் சாப்பாடு சாப்பிட்டார், ஆனால் அதற்கப்புறம் நடந்து போய் டிராம் பிடித்து நாற்காலியில் நிமிர்ந்து உட்கார வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை பிரஞ்ச்காரனுக்கு முன்னால் ஒரு வேலையும் இல்லை, கார் சீட்டும் கட்டிலும்தான். அதனால் அவன் திரும்பிப் பில்லைப் பார்க்கிறான். முன்னால் பார்க்க ஒன்றை வைத்துக்கொண்டால் போதும், அது பெரிதாக இருக்க வேண்டியதில்லை. சாயங்காலம் பேத்தி என்னைக் கடற்கரைக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தாள். மணலில் நடக்க வேண்டும் என்பது ஒன்றே என் தட்டை அளக்கப் போதுமானதாக இருந்தது.

பேத்திக்கு நான் சொன்னது: தட்டை எடுக்காமல் முதலில் ஒரு சுற்று வா. ஏலத்துக்கு முன்னால் நாங்கள் அத்தனை லாட்டையும் பார்த்துவிட்டுத்தான் உட்காருவோம். முதலில் கண்ணில் பட்டதைக் கேட்கிறவன் பிறகு நல்லது வரும்போது கையைப் பிசைவான். வீட்டில் கிடைக்காதது என்ன, தெரியாதது என்ன என்று பார். அதில் மூன்றைப் பிடி. அவள் சூஷி எடுத்தாள், எனக்கும் ஒன்று கொடுத்தாள். பச்சை மீன் இல்லை என்று சத்தியம் செய்தாள். வினிகர் கலந்த குளிர்ந்த சோறு. பழையது குடித்து வளர்ந்தவனுக்கு அதில் அதிர்ச்சி அடைய ஒன்றுமில்லை.

பில் வந்தபோது அதில் சர்வீஸ் சார்ஜ் என்று ஒரு வரி இருந்தது. மகனுக்குக் கேட்கக் கூச்சம். கட்டாயமாக அதைச் சேர்க்கக் கூடாதென்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டு, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதைச் சரியென்று சொல்லிவிட்டது. பேப்பரில் படித்தது. நான் கேட்டேன். ஒரு வார்த்தை எதிர்ப்பேச்சில்லாமல், மரியாதையாக எடுத்துவிட்டார்கள். மேசையைத் துடைத்துக்கொண்டிருந்த பையன் கையில் அதில் ஒரு பங்கை நேரே கொடுத்தோம். பெரிய இடத்தில் வாயைத் திறந்தால் மரியாதை குறையும் என்று நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கேட்கிற விதத்தில் கேட்டால் ஒன்றும் குறையாது.

ஊர் திரும்பி, தோட்டத்துக்குப் போனபோது கங்காணி அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். விலையை மட்டும் பாதியாகச் சொன்னேன்.

"அம்புட்டுக் காசையும் வாங்கிக்கிட்டு, தட்டைத் தூக்கிக்கிட்டு நீங்களே எந்திரிச்சுப் போயி எடுத்துக்கணுமாங்கய்யா?" என்று கேட்டுவிட்டு, மூடிகளைச் சுற்றி உட்கார்ந்திருந்த மற்றவர்களையும் ஒரு பார்வை பார்த்தார். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. பிறகு அடுத்த கேள்வி: "மீந்ததை என்ன பண்ணுவாக?"

அதை நான் அங்கேயே கேட்டு வைத்திருந்தேன். உணவகத்தைப் பார்த்துக்கொள்கிற கேப்டன் சொன்னது: வெளியே எடுத்து வைத்து நேரமாகிவிட்ட பண்டத்தை யாருக்கும் கொடுக்க முடியாது, கொட்டத்தான் வேண்டும். ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் கணக்குப்படி 2022ல் உலகம் முழுக்க வீணான உணவு சுமார் 105 கோடி டன். ஓட்டல், கேன்டீன் வகையில் 29 கோடி டன். வீடுகளில் 63 கோடி டன். ஓட்டலைத் திட்டுவதற்கு முன் அவரவர் வீட்டு ஃப்ரிட்ஜைத் திறந்து பார்ப்பது நல்லது. டன் கணக்கைக் கங்காணி அம்மாவிடம் சொல்லவில்லை. கேப்டன் சொன்ன இன்னொன்றைச் சொன்னேன்: கடைசி ஒரு மணி நேரம் பெரிய பாத்திரங்களை எடுத்துவிட்டு, சின்னப் பாத்திரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொண்டுவந்து வைப்பார்களாம், எத்தனை மேசை இன்னும் சாப்பிடுகிறது என்று உள்ளேயிருந்து ஒருவர் எட்டிப் பார்த்துக்கொண்டே இருப்பாராம்.

"அப்ப அங்கனயும் ஒருத்தன் அளவு பாத்துக்கிட்டுத்தான் இருக்கான்" என்றார்.

"இருக்கான்மா. சமையக்காரன்" என்றேன்.